கரண்ட் சோர்ஸ் வந்தா மெஷ் எப்படி போடுறது

மெஷ்னா சர்க்யூட்ல ஒரு மூடிய சுற்று, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கரண்ட் வச்சு வோல்டேஜ் சமன்பாடு எழுதுறதுதான் மெஷ் முறை. கரண்ட் சோர்ஸ்னா வோல்டேஜ் எதுவா இருந்தாலும் அதே கரண்ட்டைக் கொடுக்கிறது. பினாங்கு பட்டர்வொர்த்துல டிப்ளோமா படிக்கிற தம்பிங்க நிறைய பேர் இங்கதான் மாட்டிக்கிறாங்க, கரண்ட் சோர்ஸுக்கும் வோல்டேஜ் எழுதப் பார்ப்பாங்க, வேணாம்லா, அதோட வோல்டேஜ் நமக்குத் தெரியாது. சோர்ஸ் வெளி ஓரத்துல இருந்தா அந்த மெஷ் கரண்ட் அதேதான், திசை எதிரா இருந்தா மைனஸ், அவ்ளோதான். ரெண்டு மெஷுக்கும் நடுவுல இருந்தாதான் சூப்பர்மெஷ், அந்தக் கிளைய விட்டுட்டு வெளிய சுத்தி ஒரே சமன்பாடு.

இடது பக்கம் 20 வோல்ட் (பிளஸ் மேல), 2 ஓம், வலது பக்கம் 4 ஓம், நடுவுல 2 ஆம்பியர் மேல் நோக்கி, ரெண்டு மெஷ் கரண்ட்டும் (இடது ஐ1, வலது ஐ2) கடிகார திசைல சுத்துதுன்னு வைங்க: வெளிய சுத்தி 2ஐ1 + 4ஐ2 = 20, நடு சோர்ஸ்ல இருந்து ஐ2 − ஐ1 = 2. ஐ1 2 ஆம்பியர், ஐ2 4 ஆம்பியர். திரும்பப் போட்டுப் பாருங்க, 4 + 16 = 20. ரெண்டாவது சமன்பாட்டுல குறி மாறுனா எல்லாமே போச்சு, அதனால அம்புக்குறிய முதல்லயே வரைஞ்சிடுங்க.