பசுமைக் குடியிருப்பில் வீடு வாங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ‘கிரீன் ஹோம்ஸ்’ என்ற பலகையைப் பார்த்து வீடு வாங்குகிறவர்கள் பலர். நல்ல விஷயம்தான். ஆனால் பில்டர் கழிவுநீர் சுத்திகரிப்பு, மழைநீர் சேகரிப்பு, சோலார் போன்ற வசதிகளை அமைத்துத் தருவதோடு சரி. அவற்றை உயிரோடு வைத்திருக்க வேண்டியவர்கள் அங்கே குடியிருப்பவர்கள்.

வாங்கும்போதே நடக்கும் தவறு, சான்றிதழைப் பார்த்ததும் நிம்மதி அடைவது. பசுமைக் கட்டடங்களுக்குச் சான்று தரும் ஐ.ஜி.பி.சி. (இந்தியப் பசுமைக் கட்டட கவுன்சில்) அமைப்பு திட்ட நிலையிலேயே முன்சான்று தருகிறது. கட்டி முடித்த பிறகு சரிபார்த்துத் தரும் சான்று வேறு. உங்களிடம் காட்டுவது எது என்று கேளுங்கள்.

குடியேறிய பிறகு பெரும்பாலான இடங்களில் முதலில் கெடுவது எஸ்.டி.பி., அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். அங்கே கழிவைத் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பவை பாக்டீரியாக்கள். அவற்றுக்குக் காற்று வேண்டும். கரண்ட் பில்லைக் குறைக்க ராத்திரி முழுவதும் அந்தக் காற்றை ஊதும் ப்ளோயரை நிறுத்திவைத்தால் அவை செத்துப்போகும். கழிப்பறையில் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் தாராளமாகக் கொட்டினாலும் அதே கதிதான். ஈரத் துடைப்பான்களையும் நாப்கின்களையும் ஃப்ளஷ் செய்தால் பம்ப் அடைத்துக்கொள்ளும். சுத்திகரித்த நீர்தான் ஃப்ளஷுக்குத் திரும்ப வருகிறது என்பதால், பிறகு ஃப்ளஷ் தண்ணீர் நாறுகிறது என்று புகார் வரும். மறுசுழற்சி நீரே வேண்டாம் என்று அசோசியேஷன் கூட்டத்தில் முடிவாகும். டேங்கர் லாரி உள்ளே வரும். இந்தச் சங்கிலியை அறுப்பது கடினமல்ல. அனுபவமுள்ள ஆபரேட்டரை வையுங்கள், சுத்திகரித்த நீரை மாதந்தோறும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், அந்த அறிக்கையை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுங்கள். பாதி வீடுகள் காலியாக இருக்கும் ஆரம்ப காலத்தில் கழிவு குறைவாக வருவதாலும் நிலையம் தடுமாறும். அதற்காகப் பயந்து மூடிவிடாதீர்கள்.

தண்ணீர்ச் செலவைச் சதுர அடிக் கணக்கில் பிரிப்பது இன்னொரு பெரிய தவறு. சிக்கனமாக இருப்பவரும் குழாயைத் திறந்துவிட்டுப் போகிறவரும் ஒரே தொகை கட்டினால் யாருக்கு அக்கறை வரும்? வீட்டுக்கு ஒரு மீட்டர் வையுங்கள். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது பட்ட பாட்டை மறந்துவிடக் கூடாது.

மழைநீர் சேகரிப்பு 2003-லேயே தமிழ்நாட்டில் கட்டாயமானது. ஆனாலும் பல குழிகளில் வண்டல் மூடிக் கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே தூர்வாருங்கள். களிமண் பூமியில் ஆழமில்லாத குழி பயன்படாது. நீர் இறங்கும் மணல் அடுக்குவரை உறைகிணறு இறக்க வேண்டும்.

குப்பையில், 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வளாகங்கள் மட்கும் குப்பையை முடிந்தவரை உள்ளேயே உரமாக்க வேண்டும் என்று 2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. உரத்தொட்டி நாறினால் பெரும்பாலும் ஈரம் அதிகம், காய்ந்த சரக்கு குறைவு என்று அர்த்தம். தோட்டத்துச் சருகை எரித்துவிட்டு, தொட்டியில் போட தேங்காய் நார்த்தூளை விலைக்கு வாங்குவது வேதனையான பழக்கம். அந்தச் சருகே போதும்.

பொதுப் பயன்பாட்டுக்கான சோலாருக்கு 2024-இல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. பலகைகளில் படியும் தூசியைத் துடைக்கவும் ஆள் ஒதுக்குங்கள்.

இத்தனைக்கும் ஆதாரம், பில்டரிடமிருந்து வளாகத்தைப் பொறுப்பேற்கும் நாளில் வாங்க வேண்டிய காகிதங்கள்: குழாய், மின்கம்பி செல்லும் வழியைக் காட்டும் வரைபடங்கள், இயந்திரங்களின் உத்தரவாதச் சீட்டுகள், எஸ்.டி.பி. இயக்கக் கையேடு. இவை கைக்கு வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.