சிப்காட் அருகே வசிப்போர் நாற்றக் குறிப்பேடு எழுதும் முறை

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் கடுமையாக மாசுபட்டவை என்று வகைப்படுத்திய 43 தொழில் தொகுப்புகளில் கடலூரும் ஒன்று. அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாடு, ஈச்சங்காடு போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வாரியம் தேவையில்லை. ஆனால் "நேற்று ராத்திரி ஒரே நாத்தம்" என்று மறுநாள் சொல்லும் புகாரை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் விசாரிக்க இயலாது. அதிகாரி வந்து நிற்கும்போது காற்று மாறியிருக்கும்.

ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கி, பேனாவோடு சேர்த்துக் கட்டித் தலைமாட்டிலேயே வையுங்கள். இரவில் தரையையொட்டிய காற்று குளிர்ந்து மேலெழாமல் தங்கிவிடுவதால் புகையும் வாயுவும் கலைந்து போவதில்லை என்பதனால், பெரும்பாலான பதிவுகள் தூக்கக் கலக்கத்தில்தான் எழுத வேண்டியிருக்கும். ஒரு பதிவு இவ்வளவு போதும்: "இரவு 11.40. மேல்காற்று. அழுகிய முட்டை நாற்றம், இருபது நிமிடம். பையனுக்குக் கண் எரிச்சல், இருமல்." திசை தெரியாவிட்டால் கொடியில் கிடக்கும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள். "வாடை" என்று மட்டும் எழுதாதீர்கள். வடகாற்றா, நாற்றமா என்று பின்னால் உங்களுக்கே விளங்காது.

அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடைக் காட்டும். இவ்வாயுவின் செறிவு மிகும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது என்பதால், திடீரென்று நின்றது என்று நிம்மதி அடையாமல், தலைசுற்றலோ குமட்டலோ இருந்தால் காற்று வரும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்ல வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது நோட்டையும் கொண்டுபோய், வசிக்கும் இடத்தை முதலிலேயே சொல்லுங்கள். இல்லாவிட்டால் சளி என்று மாத்திரை எழுதிவிடுவார்கள், என் வீட்டில் அப்படித்தான் நடந்தது. ஓ.பி. சீட்டை அந்தத் தேதிப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.

போர் தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகுமே தவிர, உப்பும் உலோகமும் போகாது. கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பரிசோதித்து அறிக்கை வாங்கலாம்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவோடு நோட்டின் நகலைக் கொடுத்து, மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மூலத்தைக் கொடுக்க வேண்டாம். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோர ஐந்தாண்டு அவகாசம் உண்டு. அதுவரை நோட்டு எடைக்குப் போய்விடக் கூடாது.