இன்சூரன்ஸ் கிளைமும் பராமரிப்பு நிலுவையும்: இரண்டு பட்டியல்களைப் பொருத்திப் பார்ப்பது எப்படி?

அமெரிக்காவில் பெற்றோர் பிரிந்தால், பிள்ளையை வளர்ப்பவருக்கு மற்றவர் மாதாமாதம் பராமரிப்புத் தொகை கட்ட வேண்டும் என்று உத்தரவு பிறப்பிக்கப்படும். கட்டுபவர் சம்பளக்காரர் என்றால் தொல்லை குறைவு. வேலை கொடுத்தவரே பிடித்தம் செய்து அனுப்பிவிடுவார். அன்றாடக் கூலியைக் கையில் வாங்குபவரிடமும் அடிக்கடி வேலை மாறுபவரிடமும்தான் நிலுவை ஏறிக்கொண்டே போகும். அப்படி ஒருவருக்குக் கார் விபத்தில் அடிபட்டு இழப்பீடு வரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் அந்தக் காசோலை ஒரே ஒரு முறைதான் எழுதப்படும். எழுதப்படுவதற்கு முன்பே அதைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

இதற்கு வழி செய்தது 2005-ஆம் ஆண்டின் பற்றாக்குறைக் குறைப்புச் சட்டம். அதிபர் அதில் கையெழுத்திட்டது 2006 பிப்ரவரியில். நிலுவை வைத்திருப்போரின் பட்டியலை இன்சூரன்ஸ் நிறுவனங்களின் கிளைம் விவரங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க மத்திய அரசுக்கு அது அதிகாரம் தந்தது. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்த நிறுவனத்தின் மீது வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பும் அதில் உண்டு. இந்த மத்தியத் திட்டத்தில் சேர்வது நிறுவனத்தின் விருப்பம். சில மாநிலங்கள் மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பதைக் கட்டாயமாக்கியுள்ளன. மத்தியச் சட்டம் வருவதற்கு முன்பே ரோட் ஐலண்ட் என்ற குட்டி மாநிலம் மற்ற மாநிலங்களையும் சேர்த்துக்கொண்டு இந்த வேலையைத் தொடங்கியிருந்தது.

அந்தப் பொருத்தும் வேலையை நாம் எக்செல் தாளில் செய்து பழகுவோம். தரவு முழுவதும் கற்பனையாக இருக்கட்டும். இரண்டு பட்டியல்களையும் இணைப்பது, நம் ஆதார் எண் போல ஆளுக்கு ஒன்றாக இருக்கும் அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு எண். அதில் 9 இலக்கங்கள். 000-இல் தொடங்கும் எண்ணும் 9-இல் தொடங்கும் எண்ணும் யாருக்கும் கொடுக்கப்படுவதில்லை. பயிற்சிக்கு அவற்றையே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: இரண்டு தாள்கள்

முதல் தாளில் நிலுவைக்காரர்கள்: எண், பெயர், பிறந்த தேதி, முகவரி, நிலுவைத் தொகை, எந்த மாநிலம். இரண்டாவது தாளில் கிளைம்கள்: எண், பெயர், பிறந்த தேதி, முகவரி, கிளைமின் வகை, கையாளும் அலுவலர். ஒவ்வொன்றிலும் இருபது வரிகள் போதும். நான்கைந்து பேர் இரண்டிலும் வரும்படி நீங்களே கலந்து வையுங்கள்.

படி 2: வேண்டாத கிளைம்களைக் கழித்துவிடுங்கள்

நசுங்கிய காரைப் பழுதுபார்க்கப் பட்டறைக்குப் போகும் பணமும் மருத்துவமனைக்கு நேராகப் போகும் பணமும் நமக்கு வேண்டாம். அவை அந்த மனிதரின் கைக்கு வருவதில்லை. உடற்காயத்துக்கான இழப்பீடு, வேலையிடத்து விபத்துக்கான இழப்பீடு போன்றவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: சுத்தம் செய்யுங்கள்

பாதி நேரம் இதற்கே போகும், போகட்டும். இங்கே அவசரப்பட்டால் பிறகு எந்தச் சூத்திரமும் காப்பாற்றாது.

முதல் பொறி, முன்னால் நிற்கும் பூஜ்யம். எக்செலில் எண்ணைத் தட்டியவுடன் அது பூஜ்யத்தை விழுங்கிவிடும். 9 இலக்கம் 8 ஆகிவிடும். 2011 வரை முதல் மூன்று இலக்கங்கள் மாநில வாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், கனெக்டிகட் எண்களெல்லாம் பூஜ்யத்தில்தான் தொடங்கும். ஒரு வட்டாரமே பொருந்தாமல் போய்விடும், திரையில் ஒரு பிழைச்செய்தியும் வராது. எனவே தட்டச்சு செய்வதற்கு முன்பே அந்த நெடுவரிசையை ‘எழுத்து’ வகைக்கு மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது பொறி நம்மவர்களுக்கென்றே வைத்தது. அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். 03/04 என்றால் அங்கே மார்ச் 4. நம் கண்ணுக்கு ஏப்ரல் 3. ஆண்டு, மாதம், நாள் என்று மூன்றையும் தனித்தனி நெடுவரிசைகளாகப் பிரித்துவிட்டால் வம்பில்லை.

பெயர்களில் புள்ளி, இடைவெளி, சிறுகோடு எல்லாவற்றையும் நீக்குங்கள். ராபர்ட்டை பாப் என்றும் வில்லியமை பில் என்றும் எழுதியிருப்பார்கள்; அவற்றை முழுப்பெயராக மாற்றுங்கள். ஆனால் ‘ஜூனியர்’ என்ற ஒட்டை மட்டும் அழிக்காமல் தனி நெடுவரிசைக்கு மாற்றி வையுங்கள். காரணம் 5-ஆம் படியில்.

படி 4: பொருத்துங்கள்

கிளைம் தாளில் உள்ள ஒவ்வோர் எண்ணையும் ‘விலுக்அப்’ (VLOOKUP) சூத்திரத்தால் நிலுவைத் தாளில் தேடுங்கள். சரியான பொருத்தம் மட்டுமே வேண்டும் என்று சூத்திரத்திடம் சொல்ல மறக்காதீர்கள். மறந்தால் ‘ஏறக்குறைய’ பொருந்துவதையெல்லாம் கொண்டுவந்து கொட்டும்.

எண் பொருந்திவிட்டால் ஆள் அவர்தானா? அப்படிச் சொல்லிவிட முடியாது. 1938-இல் நியூயார்க் மாநிலத்துப் பர்ஸ் நிறுவனம் ஒன்று, தன் பர்ஸ்களில் சமூகப் பாதுகாப்பு எண் அட்டையின் மாதிரி ஒன்றைச் செருகி விற்றது. அதில் அச்சாகியிருந்தது அந்நிறுவனத்தில் வேலை பார்த்த பெண்ணின் உண்மையான எண். வாங்கியவர்கள் அதைத் தங்களுடைய எண் என்று எடுத்துக்கொண்டார்கள். 1943-இல் மட்டும் 5,755 பேர் அந்த எண்ணைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்! எனவே எண்ணோடு பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகின்றனவா என்று பக்கத்திலேயே இரண்டு நெடுவரிசைகளில் பாருங்கள்.

படி 5: தரம் பிரியுங்கள்

மூன்றும் பொருந்தினால் பச்சை. எண்ணோடு வேறு ஏதாவது ஒன்று மட்டும் பொருந்தினால் மஞ்சள்; அதை மனிதர் ஒருவர் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். எண் இல்லாமல் பெயரும் முகவரியும் மட்டும் பொருந்தினால் சிவப்பு.

சிவப்பு ஏன் என்றால், அமெரிக்காவில் அப்பாவின் பெயரையே மகனுக்கும் வைத்து ‘ஜூனியர்’ சேர்ப்பது சாதாரணம். இருவரும் ஒரே வீட்டில் இருக்கலாம். நிலுவை அப்பாவுடையது, அடிபட்டவன் மகன். ஒட்டை அழித்துவிட்டுப் பெயரை மட்டும் பொருத்தினால், கால் முறிந்து கிடப்பவனின் பணத்தை அப்பாவின் கடனுக்காக நிறுத்திவைப்போம். தவறவிட்ட பொருத்தத்தைவிட இந்தத் தவறு மோசமானது என்பது என் கருத்து. என்னோடு சண்டைக்கு வருபவர்களும் உண்டு.

படி 6: நிலுவை இன்றும் இருக்கிறதா?

பட்டியல் எடுத்த நாளுக்கும் இன்றைக்கும் நடுவே அவர் கட்டி முடித்திருக்கலாம். மாநில அலுவலகத்தின் கணக்கைப் பார்த்து இன்றைய தொகையை எழுதுங்கள். “எனக்கு அப்போது வேலையே இல்லை” என்பது பழைய நிலுவையைக் குறைக்காது. 1986-இல் வந்த சட்டத்திருத்தத்தின்படி, கெடு கடந்துவிட்ட தவணையைப் பின்தேதியிட்டுக் குறைக்க முடியாது. குறைக்கக் கோரி மனுப் போட்டு, எதிர்த் தரப்புக்கு அறிவிப்பும் போயிருந்தால் அந்த நாளிலிருந்து மட்டும் விலக்கு உண்டு.

படி 7: அறிவிப்பு

பச்சை வரிகளுக்கு மாநில அலுவலகம், கிளைமைக் கையாளும் அலுவலருக்கு அறிவிப்பு அனுப்பும்: இந்தப் பணத்தில் இவ்வளவின் மீது பிள்ளைக்கு உரிமை உண்டு, அதைக் கொடுத்துவிடாதீர்கள் என்று. வேறு மாநிலத்தில் ஏறிய நிலுவைக்கும் இந்த உரிமை செல்லும்.

முழுத் தொகையும் பிள்ளைக்கு வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். நியூ ஜெர்சியில் வழக்கறிஞர் கட்டணம், நீதிமன்றச் செலவு, மருத்துவக் கட்டணம் போன்றவை போக, 2,000 டாலருக்கு மேல் மிஞ்சுவதுதான் கணக்கில் வரும். உங்கள் தாளில் ‘கழிவு’ என்று ஒரு நெடுவரிசை சேர்த்துப் போட்டுப் பாருங்கள். 10,000 டாலர் கிளைம் எவ்வளவு வேகமாக இளைக்கிறது என்று தெரியும்.

வந்த பணம் மாநிலத்தின் பட்டுவாடாப் பிரிவு வழியாகப் போகும். தொகை வந்து சேர்ந்ததும் மாநிலம் உரிமையை விடுவித்துக் கடிதம் கொடுக்க வேண்டும். அது போகாவிட்டால் மீதிப் பணம் அடிபட்டவருக்குக் கிடைக்காமல் நின்றுவிடும். எனவே தாளின் கடைசி நெடுவரிசைக்கு ‘விடுவித்த தேதி’ என்று பெயர் வையுங்கள். அது நிரம்பும் வரை அந்த வரியை மூடாதீர்கள்.