ஏற்றத்தில் நிற்கும் காரை எடுப்பது எப்படி: கிளட்ச் கால் பழகும் செய்முறை

லைசென்ஸ் வாங்கியாச்சு, சமதளத்தில் வண்டி நன்றாகவே ஓடுகிறது, ஆனால் மேம்பாலத்து ஏற்றத்தில் முன்வண்டி நின்றால் மட்டும் உள்ளங்கை வியர்க்கிறது. இந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். எந்தக் கால் எதை மிதிக்கும், கியர் எப்படி மாற்றுவது என்பதெல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

"ஆட்டோமேட்டிக் வாங்கிட்டா இந்தப் பாடே இல்லையே" என்பார்கள். தினமும் நகர நெரிசலில் மட்டும் ஓட்டப்போகிறீர்கள், அல்லது முழங்கால் வலி இருக்கிறது என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் மேனுவல் காரில் ஏறிப் பார்த்தவர்களுக்கு அதன் ருசி தெரியும். அடுத்த வளைவுக்கு எந்த கியர் என்று நாமே முன்கூட்டி முடிவெடுக்கிறோம். முடிவு சரியென்றால் இன்ஜின் சத்தமே சொல்லிவிடும். அந்த ருசிக்கு முதல் தேவை, இடது காலுக்கு கிளட்ச் புரிவது.

பயிற்சிப் பள்ளி கார்களில் பயிற்றுநர் பக்கமும் கிளட்சும் பிரேக்கும் இருக்கும். வண்டி ஆஃப் ஆகப்போகும் நொடியில் அவர் கால் முந்திக்கொள்ளும். பாதுகாப்புக்கு அது அவசியம்தான். ஆனால் கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதை மாணவரின் கால் கற்காமலே வகுப்பு முடிந்துவிடுகிறது. அதனால் இதை நாமே தனியாகப் பழகத்தான் வேண்டும்.

உட்காரும் முறை

கிளட்சைத் தரை வரை அழுத்தியபோதும் இடது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். கால் விறைத்து நீண்டால் சீட்டை முன்னே தள்ளுங்கள். அடிப்பகுதி மெல்லிய ஷூ நல்லது. தடித்த அடி கொண்ட ஸ்போர்ட்ஸ் ஷூவில் பெடலின் அதிர்வு காலுக்கு வராது. செருப்பு வேண்டவே வேண்டாம், பெடலுக்கு அடியில் சிக்கும்.

குதிகாலைத் தரையில் ஊன்றி, பாதத்தை மட்டும் அசைத்து கிளட்சை விடுவதுதான் எனக்குப் பிடித்த முறை.

பின்சேர்க்கை: உயரம் குறைவானவர்கள் சிலர், தங்கள் காரில் குதிகால் ஊன்றினால் பெடல் எட்டவில்லை என்று எழுதியிருந்தார்கள். பெடல் உயரமாக அமைந்த கார்களில் அப்படித்தான் இருக்கும். முழுக் காலையும் தூக்கி இறக்குங்கள். கடைசி ஓரிரு அங்குலத்தில் மட்டும் குதிகால் தரையைத் தொட்டால் போதும்.

ஆக்சிலேட்டர் இல்லாமல் நகர்த்துவது

ஆளில்லாத சமதள மைதானம் ஒன்றைப் பிடியுங்கள். முதல் கியர் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, வலது காலை பிரேக் பெடலின் மேலேயே தயாராக வைத்துக்கொண்டு கிளட்சை மட்டும் மெல்ல விடுங்கள். ஆக்சிலேட்டரைத் தொடவே கூடாது. இன்ஜின் சும்மா ஓடும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 800 சுற்று சுற்றுகிறது. அந்தச் சுற்றே ஒரு சிறிய காரைச் சமதளத்தில் நகர்த்தப் போதுமானது. டீசல் கார் என்றால் இன்னும் சுலபம், குறைந்த சுற்றிலேயே அதற்கு இழுவை அதிகம்.

உள்ளே நடப்பது இதுதான். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஃபிளைவீலும், சக்கரத்தோடு தொடர்புள்ள கிளட்ச் பிளேட்டும் நேருக்கு நேர் இருக்கின்றன. பெடலை அழுத்தினால் இரண்டும் பிரிகின்றன, முழுதாக விட்டால் ஒட்டிக்கொள்கின்றன. நடுவே, உரசிக்கொண்டே வேகத்தைப் பகிரும் ஒரு சிறு இடைவெளி உண்டு. ஹாஃப் கிளட்ச், பைட்டிங் பாயின்ட் என்றெல்லாம் சொல்வது இந்த இடத்தைத்தான்.

கால் நிற்க வேண்டிய இடம்

மற்ற எல்லாவற்றையும் விட எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான். வண்டி ஏன் ஆஃப் ஆகிறது என்று கேட்டால், பைட்டிங் பாயின்டைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். காலைக் கவனித்துப் பார்த்தால் வேறு கதை. அந்த இடத்தைக் கால் சரியாகவே கண்டுபிடிக்கிறது. வண்டி ஓர் அடி நகர்ந்ததும், "ஆச்சு" என்ற நிம்மதியில் மிச்சப் பெடலை ஒரே வீச்சில் விட்டுவிடுகிறது. அப்போது இன்ஜின் ஒரு வேகத்திலும் சக்கரம் மிகக் குறைந்த வேகத்திலும் இருக்கும். இரண்டையும் திடீரென்று பூட்டினால் தோற்பது இன்ஜின்தான். வண்டி குலுங்கி ஆஃப் ஆகிறது.

ஆகவே வண்டி நகரத் தொடங்கியதும் காலை அங்கேயே நிறுத்துங்கள். மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். வண்டி ஒரு மனிதர் நடக்கும் வேகத்துக்கு வந்த பிறகு மிச்சத்தை விடுங்கள். இந்த இரண்டு நொடிதான் பாடம் முழுவதும்.

கிளட்ச் பிடிக்கிறது என்பதை எப்படி அறிவது? இன்ஜின் சத்தம் சற்றே தணிந்து கனக்கும். சுற்றைக் காட்டும் முள் இருந்தால் லேசாகக் கீழே விழும். முன்புறம் மெல்ல நிமிரும், பெடலில் சிறு நடுக்கம் தெரியும். இவற்றில் காதை நம்புங்கள். கண் சாலையில் இருக்க வேண்டும், முள்ளைப் பார்த்துக் கற்றுக்கொண்டால் நெரிசலில் உதவாது. பாட்டை நிறுத்திவிட்டுப் பழகுங்கள், ஏசியையும் அணைத்துவிடுங்கள்.

கேபிள் கிளட்ச் (பெடல் ஒரு கம்பியை இழுத்து இயக்குவது) உள்ள சிறிய பெட்ரோல் கார்தான் பழகுவதற்கு மிகவும் நல்லது என்பது என் கருத்து. திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் காலுக்கு மிருதுவாக இருக்கும், ஆனால் உள்ளே பிளேட் உரசுவது கேபிளில் தெரிகிற அளவுக்குத் தெரியாது. வீட்டில் பழைய மாருதி 800 இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் விற்பதற்கு முன் அதில் பழகிவிடுங்கள்.

பின்சேர்க்கை: "என் காரில் வருது, அண்ணன் காரில் வரமாட்டேங்குது" என்று பலர் கேட்டார்கள். பிடிக்கும் இடம் ஒவ்வொரு காரிலும் மாறும். பிளேட் தேயத் தேய, கேபிள் வண்டிகளில் அது மேலே ஏறிக்கொண்டே போகும். புது வண்டியில் உட்கார்ந்தால், தெருவில் இறங்கும் முன் சமதளத்தில் ஒரு தடவை அந்த இடத்தைத் தேடிப் பாருங்கள்.

ஏற்றத்தில் எடுப்பது

சமதளத்தில் கால் நின்றுவிட்டால் ஏற்றம் பெரிய விஷயமில்லை. ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு, அதன் பட்டனை அழுத்திப் பிடித்தபடி கையை அதிலேயே வையுங்கள். முதல் கியர். ஆக்சிலேட்டரை மெல்லக் கொடுத்து இன்ஜினை 1500 சுற்று அளவில் நிலையாக வைத்துக்கொண்டு கிளட்சை விடுங்கள். சத்தம் கனத்து, வண்டி முன்னே போகத் துடிப்பது சீட்டிலேயே தெரியும். அந்த நொடியில் இரண்டு காலையும் அசைக்காமல் ஹேண்ட் பிரேக்கை மட்டும் இறக்குங்கள். வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னே போகாது. பிறகு வழக்கம்போல் அந்த இரண்டு நொடி.

பிரேக்கிலிருந்து ஆக்சிலேட்டருக்குக் கால் தாவும் முறையைச் சிலர் சொல்லித்தருவார்கள். அனுபவசாலிகளுக்கு அது சரி. தொடங்குபவர்களுக்கு ஹேண்ட் பிரேக் முறைதான், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பட்டனில் இயங்கும் எலக்ட்ரானிக் பிரேக்கை விடக் கையால் இழுக்கும் லிவரே இதற்கு நல்லது. எவ்வளவு விடுகிறோம் என்பது கையில் தெரியும்.

ஹில் ஹோல்டு வசதி இருந்தும் வண்டி பின்னே போனதாக வந்த கடிதங்களுக்குப் பதில்: அந்த வசதி பிரேக்கை இரண்டு மூன்று நொடிதான் பிடித்துவைக்கும். அதற்குள் கிளட்ச் பிடித்திருக்க வேண்டும். செங்குத்தான இடத்தில் அதோடு ஹேண்ட் பிரேக்கையும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஹாஃப் கிளட்ச் கைவந்ததும் ஒரு கெட்ட பழக்கம் கூடவே வரும். சிக்னல் ஏற்றத்தில் பிரேக் போடாமல், கிளட்சையும் ஆக்சிலேட்டரையும் வைத்தே வண்டியைத் தாங்கி நிறுத்துவது. அந்த நேரம் முழுவதும் பிளேட் உரசிச் சூடாகிக்கொண்டே இருக்கும், கருகிய வாடை வரும். பிளேட் மாற்ற கியர் பாக்ஸையே இறக்க வேண்டும், கூலியும் அதற்கேற்ப இருக்கும். நின்றால் ஹேண்ட் பிரேக், நியூட்ரல். ஓடும்போது இடது கால் கிளட்ச் பெடல் மேல் ஓய்வெடுக்கவும் கூடாது.

மலை ஏறும்போது

வளைவுக்குள் நுழைந்த பிறகு கியரைக் குறைக்காதீர்கள், நுழையும் முன்பே இரண்டாவதுக்கு வந்துவிடுங்கள். நம் நாட்டில் இடதுபக்கம் ஓட்டுவதால் இடது கொண்டை ஊசி வளைவில் நாம் உள்வட்டத்தில் போவோம். அது குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும், வண்டி நிறைய ஆள் இருந்தால் முதல் கியர் கேட்கும். வலது வளைவில் வெளிவட்டம். அகலமான பாதை, இரண்டாவதிலேயே போய்விடும். 70 வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையில் கொஞ்ச தூரம் போனதுமே இந்த வேறுபாடு காதுக்கு விளங்கிவிடும். இன்ஜின் முனகினால் கியர் அதிகம், அலறினால் குறைவு. ஏஎம்டி கார்கள் (மேனுவல் கியர் பாக்ஸிலேயே கிளட்சையும் கியரையும் தானே இயக்கிக்கொள்பவை) வளைவின் நடுவில் கியரை மாற்றி இழுவையை விட்டுவிடுவது இதனால்தான். முன்னால் வளைவு இருப்பது அவற்றுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். (ஏஎம்டி வைத்திருப்பவர்கள் மலையில் மேனுவல் மோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.)

இந்தக் காது நம் ஊர்ப் பழைய லாரி ஓட்டுநர்களிடம் அபாரமாக இருந்தது. சுற்று வேகங்களைத் தானே பொருத்திக்கொள்ளும் சிங்க்ரோமெஷ் அமைப்பைக் கேடிலாக் 1928-லேயே கார்களில் கொண்டுவந்துவிட்டது. அது இல்லாத கனரக வண்டிகளில் டபுள் கிளட்ச் போட்டு (ஒரு கியர் மாற்றத்துக்கு கிளட்சை இருமுறை மிதித்து), ஆக்சிலேட்டரைத் தட்டி, சத்தத்தை வைத்தே கியரை விழவைப்பார்கள். அதில் பாதியை இன்றைய காரிலும் செய்யலாம். மூன்றிலிருந்து இரண்டுக்கு வரும்போது, கிளட்ச் அழுத்தியிருக்கும் நேரத்தில் ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டிவிட்டு கிளட்சை விடுங்கள். குலுக்கலே இல்லாமல், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இணையும். முதன்முறை அது சரியாக அமையும்போது வரும் சந்தோஷத்தை எந்த ஆட்டோமேட்டிக்கிலும் நான் அடைந்ததில்லை.

குறுகலான மலைச் சாலையில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குபவர் ஒதுங்கி நிற்க வேண்டும். சாலை விதியிலேயே இருக்கிறது.

இறங்கும்போது

ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளில் நடந்த விபத்துகளுக்குப் பின்னால், பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கியது ஒரு முக்கியக் காரணம். தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடாகிப் பிடிப்பை இழக்கும். இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும்.

நியூட்ரலில் இறக்கினால் எரிபொருள் மிச்சம் என்ற பேச்சை நம்பாதீர்கள். இன்றைய இன்ஜெக்‌ஷன் கார்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் எரிபொருள் போவதே நின்றுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க எரிபொருள் செலவாகும். இன்ஜினையே அணைத்து இறக்குவது உயிருக்கு ஆபத்து: சில மிதிகளுக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், பவர் ஸ்டியரிங்கும் போய்விடும்.

சரிவில் நிறுத்துவது

சமீபத்தில் அதிகம் கேட்கப்பட்டதால் இதையும் சேர்க்கிறேன். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி மலைச்சரிவில் வண்டியை விட்டுப் போகாதீர்கள். வண்டியின் முகம் மேட்டைப் பார்த்திருந்தால் முதல் கியர், பள்ளத்தைப் பார்த்திருந்தால் ரிவர்ஸ் கியர் போட்டு இன்ஜினை அணையுங்கள். முன்சக்கரத்தைச் சாலையின் இடது ஓரத்துப் பக்கமாகத் திருப்பி, சக்கரத்துக்கு ஒரு கல்லையும் கொடுங்கள். ஓரம் தடுப்பில்லாத பள்ளமாக இருந்தால் அங்கே நிறுத்தவே வேண்டாம். திரும்ப எடுக்கும்போது முதலில் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, பிரேக்கையும் கிளட்சையும் முழுதாக அழுத்திய பிறகே சாவியைத் திருப்புங்கள். கியர் போட்டுவிட்டுப் போனது உங்களுக்குத் தெரியும், வண்டியை எடுக்க வரும் வீட்டார் எல்லாருக்கும் தெரியாது, அவர்களிடமும் சொல்லிவையுங்கள்.