பெரிய மீன் மாட்டினால்: வைத்துக்கொள்வதிலும் விடுவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய மீன் ஒன்று தூண்டிலில் மாட்டிய பிறகு நிதானமாக யோசிப்பது யாருக்கும் கஷ்டம்தான். கை நடுங்கும், கூட வந்தவர் கத்துவார், மொபைல் எங்கே என்று தேடுவோம். "வைத்துக்கொள்ளலாமா, விட்டுவிடலாமா?" என்ற பேச்சை அப்போதுதான் ஆரம்பிக்கிறோம். மற்ற பல தவறுகளுக்கும் வேர் இதுதான். நாம் பேசிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் மீன் தண்ணீருக்கு வெளியே கிடக்கிறது. எந்த இனத்தை, எந்த நீளம் வரை, எத்தனை மீன் வைத்துக்கொள்வது என்பதைத் தூண்டில் போடுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். அந்த நீர்நிலைக்கு என்ன விதி என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

சரி, எதை வைத்து முடிவு செய்வது? "பெரிய மீன் வயதானது, தன் பங்குக்கு முட்டையிட்டு முடித்திருக்கும், அதை எடுத்தால் நஷ்டமில்லை" என்று பலர் நம்புகிறார்கள். இது தவறு. மீன்கள் வளர வளரப் பெருகும் திறனும் கூடுகிறது, அதுவும் உடல் எடையைவிட வேகமாக. 2018இல் 342 கடல்மீன் இனங்களின் தகவலை ஒன்றாக வைத்துச் செய்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அட்லாண்டிக் காட் மீனில் 30 கிலோ எடையுள்ள ஒரே ஒரு தாய்மீன் இடும் முட்டைகள், 2 கிலோ எடையுள்ள 28 தாய்மீன்கள் சேர்ந்து இடும் முட்டைகளைவிட அதிகம். அந்த 28 மீன்களின் மொத்த எடை 56 கிலோ என்பதை நினைத்துப் பாருங்கள். முட்டையின் எண்ணிக்கை மட்டுமல்ல விஷயம். பசிபிக் கடலின் கறுப்பு ராக்ஃபிஷ் இனத்தில் வயது முதிர்ந்த தாய்களின் குஞ்சுகள் அதிகக் கொழுப்புச் சேமிப்போடு பிறக்கின்றன. அவை வேகமாக வளர்கின்றன, இரை கிடைக்காத நாட்களையும் தாங்குகின்றன.

சில இனங்களில் நிலைமை இன்னும் சிக்கலானது. கொடுவா மீன் பொதுவாக ஆணாக முதிர்ந்து, பெரிதான பிறகு பெண்ணாக மாறும். களவா இனங்கள் பலவற்றில் இது தலைகீழ்: முதலில் பெண், பெரிதானதும் ஆண். ஆகவே பெரியவற்றை மட்டும் தேடித்தேடி எடுத்தால், ஒரு இனத்தில் தாய்களும் இன்னொன்றில் தந்தைகளும் குறைந்துபோகும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் கொடுவாவுக்குக் குறைந்தபட்ச நீளம் மட்டுமல்ல, அதிகபட்ச நீளமும் விதியில் இருப்பது இதனால்தான். சின்னதையும் விடு, மிகப் பெரியதையும் விடு, நடுவில் இருப்பதை எடு. விதி இல்லாத இடத்திலும் நாமாகவே பின்பற்றத் தகுந்த வழி இது என்பதே என் கருத்து. சமையலுக்கும் நடுத்தர மீனே நல்லது. வேட்டையாடி உண்ணும் பெரிய மீன்களின் உடலில் பாதரசம் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருக்கும். பவளப்பாறைப் பகுதிப் பெரிய மீன்கள் சிலவற்றில் இருக்கும் சிகுவாடெரா நச்சு, எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் போகாது.

அடுத்த தவறு இதைவிடப் பெரியது, நல்ல மனம் படைத்தவர்களே செய்வது. தண்ணீரில் விட்டதும் மீன் வாலை அடித்துக்கொண்டு போய்விட்டால் அது பிழைத்துவிட்டது என்று நினைக்கிறோம். 1992இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ரெயின்போ ட்ரவுட் மீன்களைக் களைக்கும்வரை ஓடவைத்துப் பிறகு கவனித்தார்கள். காற்றில் வைக்காதவற்றில் 12 சதவீதம் இறந்தன. 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 38 சதவீதம். ஒரு நிமிடம் வைத்தவற்றில் 72 சதவீதம். எல்லா இனமும் இதே அளவுக்கு மென்மையானவை அல்ல, ஆனால் காரணம் பொதுவானதுதான்: காற்றில் செவுள் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, களைத்த உடம்புக்கு ஆக்ஸிஜன் மிக அவசியமான நேரத்தில் மூச்சு நின்றுவிடுகிறது. ஒரு போட்டோவுக்கு நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் நேரம் எவ்வளவு என்று யோசியுங்கள்.

விடுவது என்று தீர்மானித்திருந்தால் அதற்கேற்ற கருவியோடு போக வேண்டும். மெல்லிய தூண்டில் நரம்பைப் போட்டு மணிக்கணக்கில் போராடுவது வீரம் போலத் தோன்றலாம், மீனுக்கு அது சாவுக்குச் சமமான களைப்பு. உயிர் இரை போடுகிறவர்கள், நுனி உள்நோக்கி வளைந்திருக்கும் வட்ட முள் பயன்படுத்தினால் பெரும்பாலும் வாயோரத்தில்தான் மாட்டும். மீன் கடித்ததும் வெடுக்கென்று இழுக்காமல் நரம்பை இறுக்கிக்கொண்டே வந்தால் போதும். முள் தொண்டைக்குள் போயிருந்தால் நோண்டக் கூடாது, நரம்பை வெட்டிவிடுவதே மேல். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், உலர்ந்த கை மீனின் வழவழப்புப் படலத்தை உரித்துவிடும். பெரிய மீனைத் தாடையில் பிடித்துச் செங்குத்தாகத் தூக்கவே கூடாது. அதன் எடையைத் தண்ணீர்தான் தாங்கி வந்திருக்கிறது. தொங்கும்போது தாடையும் முதுகெலும்பும் உள்ளுறுப்புகளும் அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டியிருக்கும். எடை தெரிய வேண்டுமென்றால் தண்ணீரிலேயே வைத்து அளந்துகொள்ளலாம்: அங்குலத்தில் நீளத்தைச் சுற்றளவாலும் மறுபடி சுற்றளவாலும் பெருக்கி 800ஆல் வகுத்தால் பவுண்டில் ஓரளவு சரியான எடை கிடைக்கும். சாதனைப் பதிவுக்காகக் கொல்ல வேண்டியதில்லை. சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம், உயிரோடு விடும் மீன்களுக்கு நீளத்தை வைத்தே சாதனை பதியும் பிரிவை 2011 முதல் நடத்துகிறது.

ஆழ்கடல் மீன்களுக்கு வேறொரு ஆபத்து உண்டு. 30 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வரும்போது, மீன் மிதக்க உதவும் காற்றுப்பையில் உள்ள வாயு நான்கு மடங்கு விரிய முயல்கிறது. கண் பிதுங்கும், வயிறு வாய்வழியே வெளியே தள்ளும். அப்படித் தள்ளியிருப்பதைக் காற்றுப்பை என்று நினைத்துக் குத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது இரைப்பை. அப்படியே விட்டால் மீன் மேலேயே மிதந்து பறவைக்கோ சுறாவுக்கோ இரையாகும். எடை கட்டி மீனை மறுபடி ஆழத்துக்கு இறக்கிவிடும் கருவிகள் இருக்கின்றன, அதில் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். வைத்துக்கொள்ள வேண்டியது கிடைத்த பிறகும் அதே ஆழத்தில் "சும்மா பிடித்து விடலாம்" என்று தொடர்வது சரியல்ல.

இத்தனைக்குப் பிறகும் செவுளிலிருந்து ரத்தம் கொட்டுகிறது, மீன் நிமிரவே இல்லை என்றால்? விதி அனுமதிக்கும் அளவில் இருந்தால், அது எவ்வளவு பெரிய தாய்மீனாக இருந்தாலும், எடுத்துக்கொள்வதே நேர்மை. தலையில் ஒரே அடியில் உணர்விழக்கச் செய்து, உடனே செவுளை வெட்டி, பனிக்கட்டியில் வையுங்கள். மூச்சுத் திணறிச் சாகும்படி பெட்டியில் போட்டுவைப்பதை எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது. விதி அனுமதிக்காத மீன் என்றால், பிழைக்காது என்று தோன்றினாலும் தண்ணீரில்தான் விட வேண்டும். இல்லாவிட்டால் "செத்துப்போகும் போலிருந்தது" என்பது எல்லோருக்கும் சாக்காகிவிடும்.

மீனை எடுத்துக்கொண்டு போகிறவரைக் குற்றவாளிபோலத் திட்டுவதும் தவறுதான். விதிக்குட்பட்டு இரண்டு நடுத்தர மீனைச் சாப்பாட்டுக்கு எடுத்துவிட்டுத் தூண்டிலைச் சுருட்டுகிறவரால் ஏற்படும் இழப்பு, நாள் முழுவதும் டஜன் கணக்கில் பிடித்துத் திரும்பத் தண்ணீரில் விடுகிறவரால் ஏற்படும் இழப்பைவிடக் குறைவாக இருக்கலாம். விட்டவற்றிலும் ஒரு பங்கு சாகத்தான் செய்கிறது. சுவிட்சர்லாந்தில் விடும் நோக்கத்தோடு மீன் பிடிப்பதற்கே தடை இருக்கிறது: உண்பதற்கு இல்லையென்றால் ஓர் உயிரை எதற்குத் துன்புறுத்த வேண்டும் என்பது அங்கே வாதம். அந்தத் தடையை நான் ஏற்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி நியாயமானது. ஒரு நாளில் எத்தனை மீன் பிடித்ததும் நிறுத்துவது என்பதையும் தூண்டில் போடுவதற்கு முன் எடுக்கும் முடிவுகளில் சேர்த்துக்கொள்ளச் சொல்வது அதனால்தான்.