சின்னப் பதிப்பகம் வச்சிருக்கிறவங்க அரச உதவி கேக்கிறது எப்பிடி

கொழும்புல தமிழ்ப் புத்தகம் போடுற நிறையப் பேர் அரசாங்கத்துக்கிட்ட காசு கேக்கக் கூச்சப்படுறாங்க, அத முதல்ல விடுங்க. கவிதைத் தொகுப்பு ஒண்ண 300 பிரதி அடிச்சாலும் 1000 அடிச்சாலும் டைப்செட்டிங், புரூப், அட்டை வடிவமைப்பு, அச்சு பிளேட் எல்லாத்துக்கும் ஒரே செலவுதான், அதனால கொஞ்சமா அடிக்கிறப்போ ஒரு பிரதிக்கு விழுற காசு ஏறிடும், அத விலையில போட்டா வாசகர் வாங்க மாட்டார், போடாட்டி பதிப்பாளர் கையக் கடிக்கும். இப்ப அந்த ஓட்டைய அடைக்கிறது வெளியீட்டு விழாவுக்கு வாற ஆக்கள் காசு வச்சுக் குடுக்கிற என்வலப்தான். தெரிஞ்ச ஆக்கள் நிறைய இருக்கிற எழுத்தாளருக்கு அது சரி, மலையகத்துல இருந்து முதல் புத்தகம் எழுதுற பிள்ளைக்கு யார் என்வலப் கொண்டு வருவாங்க? பொதுக்காசு வேணும்னு நான் அடிச்சுச் சொல்றது அந்தப் பிள்ளைக்காகத்தான்.

சரி, எங்க போறது. புத்தகத்துக்கான சர்வதேச இலக்கம், அதாவது ஐஎஸ்பிஎன், எடுக்க எப்பிடியும் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு, அதான் சுதந்திர சதுக்கத்துப் பக்கம், போகத்தான் வேணும், அப்பவே நூல் வெளியீட்டு உதவிக்கு எப்ப விண்ணப்பம் எடுக்கிறாங்கன்னு கேட்டு வைங்க. அச்சடிச்சு முடிச்சிட்டுப் போகாதீங்க, கையெழுத்துப் பிரதியா இருக்கிறப்பவே போங்க. அச்சடிச்ச புத்தகத்துக்கு வேற வழி, கலாசார அலுவல்கள் திணைக்களத்துலயும் இந்துசமய கலாசார அலுவல்கள் திணைக்களத்துலயும் நூல் கொள்வனவு பற்றி விசாரிங்க. பிரதேச செயலகத்துல இருக்கிற கலாசார உத்தியோகத்தரையும் ஒருக்காப் பாருங்க, அவருக்குத் தெரிஞ்ச விசயம் பேப்பர்ல வராது.

விண்ணப்பத்துல கனபேர் கோட்டை விடுறது செலவுக் கணக்குலதான். அச்சகக் கொட்டேசன ஒண்ண மட்டும் இணைச்சு அனுப்பிடுவாங்க. அப்பிடிச் செய்யாதீங்க, எடிட்டிங், புரூப் பார்க்கிறவருக்குக் குடுக்கிறது, எழுத்தாளருக்கான றோயல்டி, மட்டக்களப்புக்கும் வவுனியாவுக்கும் பார்சல் போடுற செலவு எல்லாத்தையும் தனித்தனியா எழுதுங்க, நீங்க சும்மா செய்யிற வேலைக்கும் ஒரு தொகை போடுங்க. அச்சுச் செலவ மட்டும் காட்டினா அச்சுக்கு மட்டும்தான் காசு வரும், மற்ற வேலைய எல்லாம் நீங்க காலம் முழுக்க இலவசமாச் செய்ய வேண்டி வரும்.

அடுத்தது, பிரதி எங்க போகும்னு எழுதுங்க, இது முக்கியம். 'இலக்கியம் வளரணும்'னு பொதுவா எழுதுறதால ஒண்ணும் நடக்காது, எந்தெந்தப் பொது நூலகம், எந்தப் பாடசாலை, எத்தின பிரதின்னு பேர் போட்டுக் குடுங்க. தமிழ்நாட்டுல 1948ல வந்த பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோட நூலக வரியும் வாங்கிறாங்க, அந்தக் காசுல நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கிறதாலதான் அங்க சின்னப் பதிப்பகங்கள் கொஞ்சமாவது மூச்சு விடுது. இங்கயும் அரச கொள்வனவு ஒழுங்கா நடக்கணும்னு கேக்கிறது நியாயமான கோரிக்கை.

விண்ணப்பத்தத் தமிழ்லயே எழுதலாம், அரசியலமைப்புல அந்த உரிமை இருக்கு. ஆனாலும் சிங்களத்துல ஒரு பக்கச் சுருக்கம் வச்சு அனுப்புங்க, முடிவெடுக்கிற குழுவுல தமிழ் வாசிக்காதவங்களும் இருக்கலாம். குடுத்த எல்லாத்தையும் போட்டோகொப்பி எடுத்து, திகதி முத்திரை வாங்கிட்டு வாங்க. காசு கிடைச்சா பில்லுகளச் சேர்த்து வைங்க, வேலை முடிஞ்சதும் அவங்க கேக்க முதலே கணக்க ஒரு கடிதத்தோட அனுப்பிடுங்க, அடுத்த விண்ணப்பத்தோட அந்தக் கடிதத்தையும் இணைக்கலாம்.