இலவச மல்டிபிளேயர் கேமை வெளியிடப் போகிறீர்களா? முதலில் லாபியை நிரப்புங்கள்

இலவசமாகக் கொடுத்தால் கூட்டம் தானாக வந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வரலாம். ஆனால் வந்தவர் 'விளையாடு' பட்டனைத் தட்டிவிட்டு, எதிராளி கிடைக்காமல் ஒரு நிமிடம் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், அடுத்த நிமிடம் கேமை நீக்கிவிட்டுப் போய்விடுவார். காசு கொடுத்து வாங்கியிருந்தால் அந்தக் காசுக்காகவாவது இன்னொரு தடவை திறந்து பார்ப்பார், இலவச கேமில் அந்தப் பிடிப்பே கிடையாது. அவர் போனதால் அடுத்து வருபவருக்குக் காத்திருப்பு கூடும், அவரும் போவார். ஆகவே மோடு (ஆட்ட வகை), சர்வர், விலை, தேதி என்று எதை முடிவு செய்தாலும், இது லாபியை, அதாவது எதிராளிக்காகக் காத்திருக்கும் இடத்தை, நிரப்புமா, காலியாக்குமா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரே நேரத்தில் 1,000 பேர் ஆன்லைனில் இருக்கிறார்கள் என்று வையுங்கள், புது கேமுக்கு அது நல்ல எண்ணிக்கைதான். நீங்கள் 5 பிராந்தியங்களில் சர்வர் போட்டு, 4 மோடு வைத்திருக்கிறீர்கள். சமமாகப் பிரிந்தாலே ஒரு பிராந்தியத்தின் ஒரு மோடுக்கு 50 பேர்தான். அதில் பெரும்பாலானோர் ஏற்கெனவே ஆட்டத்துக்குள் இருப்பார்கள், சிலர் மெனுவில் ஸ்கின் (பாத்திரத்தின் உடை, தோற்றம்) பார்த்துக்கொண்டிருப்பார்கள், அந்த நொடியில் வரிசையில் நிற்பவர்கள் ஐந்தாறு பேர் தேறினால் அதிகம். அவர்களையும் திறமைப்படி பிரித்தால் 5-க்கு 5 ஆட்டம் எப்போது தொடங்கும்? நிஜத்தில் சமமாகவும் பிரிய மாட்டார்கள்; ஒரு மோடில் எல்லோரும் குவிவார்கள், மற்ற மூன்றும் செத்துக் கிடக்கும்.

அதனால் ஒரே ஒரு மோடோடு வெளியிடுங்கள். குழுவில் யாராவது "உள்ளடக்கம் குறைவாகத் தெரியுமே" என்பார்கள், தெரியட்டும். இரண்டாவது மோடு தயாராக இருந்தால் அதை வார இறுதியில் மட்டும் திறந்து மூடுங்கள். பிராந்தியங்களிலும் அதே கஞ்சத்தனம்தான்: முறை வைத்து ஆடும் கேம், பார்ட்டி கேம் என்றால் பிங் (சர்வருக்குத் தகவல் போய்த் திரும்பும் நேரம்) 200 மில்லிசெகண்டு இருந்தாலும் சமாளிக்கலாம், இரண்டு பிராந்தியங்களே போதும். துப்பாக்கிச் சண்டை கேமில் அது நடக்காது, அங்கே தூரத்து ஆட்களைச் சேர்த்துக் கலப்பதைவிட ஆரம்பத்தில் குறைவான நாடுகளில் மட்டும் வெளியிடுவதே சரி.

எதிராளிகளைச் சேர்த்துவிடும் மேட்ச்மேக்கிங், காத்திருக்கும் நேரத்துக்கு ஏற்பத் தளர வேண்டும். முதல் பத்து விநாடி திறமையிலும் பிங்கிலும் நெருக்கமான ஆட்களைத் தேடட்டும், அடுத்த பத்து விநாடியில் வரம்பு விரியட்டும், அதற்கும் மேல் போனால் பாட் (கணினியே இயக்கும் போலி ஆட்டக்காரர்) போட்டு ஆட்டத்தைத் தொடங்கிவிடுங்கள். பாட் போடுவது கேவலம் என்று நினைக்க வேண்டாம். ஃபோர்ட்நைட் மாதிரி கூட்டம் அலைமோதிய கேமே 2019-ல், திறமைப்படி ஆட்களைச் சேர்க்கும் முறையோடு பாட்களையும் கொண்டுவந்தது. புதியவரின் முதல் சில ஆட்டங்களுக்கு பாட் வரம்தான், வந்த உடனேயே ஒரு கில்லாடியிடம் அடிவாங்கி யாரும் தங்குவதில்லை. ஆனால் தரவரிசைக்காக ஆடும் ரேங்க் ஆட்டத்தில் பாட் கூடவே கூடாது. மனிதப் பெயர் வைத்து அதை மறைக்கவும் முயலாதீர்கள், கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் உண்மையான ஆளையும் பாட் என்றே சந்தேகப்படுவார்கள்.

போன், கணினி, கன்சோல் என்று பல சாதனங்களில் வெளியிடுவதாக இருந்தால், வெவ்வேறு சாதனக்காரர்கள் சேர்ந்து ஆடும் கிராஸ்-பிளே முதல் நாளே இருக்கட்டும். சோனி 2018 செப்டம்பரில்தான் ஃபோர்ட்நைட்டுக்காக பிளேஸ்டேஷன் 4-ன் கதவை மற்ற கன்சோல்களுக்குத் திறந்தது, அதுவரை பெரிய கேம்களுக்கே கூட்டம் துண்டு துண்டாகத்தான் இருந்தது. தொடுதிரைக்காரரை மவுஸ்காரரோடு மோதவிட்டால் அழுவார் என்பது உண்மைதான், அதற்கு, குறிபார்க்க உதவும் எய்ம் அசிஸ்ட் கொடுங்கள், இல்லையென்றால் உள்ளீட்டுக் கருவிப்படி முன்னுரிமை கொடுத்து, ஆள் கிடைக்காதபோது மட்டும் கலந்துவிடுங்கள்.

பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது: பதிப்பு எண். ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் அப்டேட்டைக் கட்டம் கட்டமாக விட்டால் எல்லோரையும் சென்றடைய 7 நாள் ஆகும். அந்த ஒரு வாரமும் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் சேர்ந்து விளையாட முடியவில்லை என்றால், உங்கள் கூட்டத்தை நீங்களே இரண்டாக வெட்டிவிட்டீர்கள். ஆகவே நெட்வொர்க் நெறிமுறைக்கு (கேமும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறைக்கு) தனியாக ஒரு எண் கொடுத்து, அது மாறாதவரை பழைய பதிப்பையும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆயுதத்தின் பலம், மேப் (ஆட்டக் களம்) சுழற்சி போன்றவற்றை அப்டேட் இல்லாமல் சர்வரிலிருந்தே மாற்றும்படி வையுங்கள். கட்டாய அப்டேட் திரையை முதல் பதிப்பிலேயே சேர்த்துவிடுங்கள், ஏனென்றால் அது தேவைப்படும் நாளில், ஏற்கெனவே வெளியே போய்விட்ட பதிப்பில் அதைச் சேர்க்க வழியில்லை.

சாஃப்ட் லாஞ்சுக்கு வருவோம். கனடா, ஆஸ்திரேலியா, பிலிப்பைன்ஸ் என்று மூன்று நாடுகளில் சத்தமில்லாமல் விட்டுப் பார்ப்பது மொபைல் உலகின் பழைய வழக்கம். தனி ஆள் கேமுக்கு அது சரிதான், மல்டிபிளேயருக்கு ஆபத்து: ஒரு நாளைக்குக் கொஞ்சம் பேர் என்று சொட்டுச் சொட்டாக ஆள் வந்தால் லாபி காலியாக இருக்கும், மறுநாள் திரும்புவோர் சதவீதம் கேவலமாக வரும், கேமே மோசம் என்று தப்பாக முடிவு செய்துவிடுவீர்கள். ஒரே நேர மண்டலத்தில் உள்ள ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்து, மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும் சர்வரைத் திறந்து, விளம்பரப் பணம் முழுவதையும் அந்த நேரத்துக்கே கொட்டுங்கள். அப்போது கிடைக்கும் எண்கள்தான் பேசும். முதல் நாள், ஏழாம் நாள் திரும்புவோர் எண்ணிக்கையோடு இன்னொன்றையும் அளவிடுங்கள்: பட்டனைத் தட்டியதிலிருந்து ஆட்டம் தொடங்கும்வரை எத்தனை விநாடி. சராசரி வேண்டாம், மிக மோசமாகக் காத்திருந்த பத்து சதவீதத்தினரின் நேரத்தைப் பாருங்கள்.

நுழைவாசலில் தடை வைக்காதீர்கள். விருந்தினராக உள்ளே விடுங்கள், கணக்கு தொடங்கச் சொல்வதை அவர் ஒரு ஆட்டம் ஜெயித்த பிறகு வைத்துக்கொள்ளலாம். முதல் பதிவிறக்கம் சின்னதாக இருக்கட்டும், மீதி மேப்களைப் பின்னணியில் இறக்கலாம். ஆண்களில் சுமார் 12 பேரில் ஒருவருக்கு நிறக்குருடு உண்டு, ஆகவே அணிகளைச் சிவப்பு, பச்சை என்று மட்டும் பிரிக்காமல் வடிவத்தாலும் பிரித்துக் காட்டுங்கள். சாட் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறார்: அந்நியர்களுக்கு நடுவே எழுத்துச் சாட்டே வேண்டாம். 2019-ல் ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் என்ற துப்பாக்கிச் சண்டை கேம் தன் பிங் முறையில் (இங்கே பிங் என்றால் இடத்தைச் சுட்டிக்காட்டும் குறி) காட்டிய மாதிரி, ஒரு பட்டனில் "இங்கே எதிரி", "அங்கே போவோம்" என்று சொல்ல முடிந்தால் பாதிப் பேச்சு முடிந்தது, வசையும் வராது, மொழியும் தடையாகாது. சாட் வைத்தே தீருவேன் என்றால் வடிகட்டி, புகார், தடை மூன்றும் இருக்க வேண்டும், ஆப்பிள் தன் விதிகளிலேயே இதைக் கேட்கிறது.

சர்வர் பக்கம் முக்கியமான விதி, போனில் ஓடும் கேமை நம்பாதே. யார் சுட்டார், பட்டதா, எவ்வளவு காசு இருக்கிறது எல்லாவற்றையும் சர்வரே முடிவு செய்யட்டும். இலவச கேமில் பிடிபட்ட ஏமாற்றுக்காரர் புதுக் கணக்கோடு ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்துவிடுவார், அவருக்கு நஷ்டமே இல்லை. அப்புறம் சுமைச் சோதனை. 2016 ஜூலையில் போகிமான் கோ வெளியானபோது வந்த போக்குவரத்து, திட்டமிட்ட அளவைவிட 50 மடங்கு. மிக மோசமான நிலைக்கென்று அவர்கள் போட்டு வைத்திருந்த கணக்கே 5 மடங்குதான். உங்களுக்கு அப்படி வராது, ஆனால் உடையும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஆட்டம் நடக்கும் சர்வர் அல்ல, லாகினும் நண்பர் பட்டியலும் பொருட்களைச் சேமிக்கும் தரவுத்தளமும். போலி கிளையன்ட்களை (ஆட்டக்காரர் போல நடிக்கும் நிரல்களை) வைத்து ஆயிரக்கணக்கில் ஒரே நிமிடத்தில் லாகின் செய்ய விட்டுப் பாருங்கள். கடை, நண்பர் பட்டியல், தரவரிசை ஒவ்வொன்றையும் தனித்தனியாக அணைக்க சுவிட்ச் வையுங்கள், சிக்கல் வந்தால் இவற்றை அணைத்துவிட்டு ஆட்டத்தை மட்டும் காப்பாற்றலாம்.

பணம். நூறு பேரில் சில பேர்தான் காசு கொடுப்பார்கள், மீதிப் பேர் சும்மா விளையாடுகிறார்கள் என்று எரிச்சல்படாதீர்கள், காசு கொடுப்பவருக்கு எதிராளியாக இருப்பது அவர்கள்தான். பலத்தை விற்றால் அவர்கள் தோற்றுத் தோற்றுப் போய்விடுவார்கள், லாபி காலி. தோற்றத்தை விற்பனை செய்யுங்கள்: ஸ்கின், நடனம், பேட்டில் பாஸ் (விளையாட விளையாடப் பரிசுகளைத் திறக்கும் சீட்டு). உள்ளே என்ன வரும் என்று தெரியாமல் வாங்கும் லூட் பாக்ஸ் பக்கமே போகாதீர்கள் என்பேன். 2017 இறுதியிலிருந்தே ஆப்பிள் அதன் வாய்ப்பு விகிதத்தை வெளியிடச் சொல்கிறது, 2018-ல் பெல்ஜியம் காசுக்கு விற்கும் லூட் பாக்ஸைச் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது. பொது மக்களுக்கான கேம் என்றால் குழந்தைகளும் வருவார்கள். 2022 டிசம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் ஃபோர்ட்நைட்டை உருவாக்கிய எபிக் கேம்ஸ் செய்த 52 கோடி டாலர் சமரசம் நினைவில் இருக்கட்டும்: குழந்தைகளின் தனியுரிமைக்காக 27.5 கோடி, ஏமாற்றி வாங்க வைக்கும் பட்டன் அமைப்புகளுக்காக 24.5 கோடி. வயதைக் கேளுங்கள், வாங்கும் முன் உறுதிப்படுத்தும் திரை வையுங்கள், தவறி வாங்கினால் திருப்பிக் கொடுங்கள்.

வெளியீட்டை வாரத் தொடக்கத்தில் வையுங்கள், வெள்ளிக்கிழமை வேண்டவே வேண்டாம். ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் முன்னறிவிப்பே இல்லாமல் வந்து ஒரே வாரத்தில் 2.5 கோடி பேரைச் சேர்த்தது, அந்தக் கதையைக் கேட்டு மயங்காதீர்கள், பின்னால் ஒரு பெரிய நிறுவனம் இருந்தது. உங்களுக்கு ஏற்றது அமாங் அஸ் என்ற கேம் போன பாதை: 2018-ல் ஒரு சின்னக் குழு வெளியிட்டு, யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாமல் கிடந்து, 2020-ல், விளையாடுவதை நேரலையில் காட்டும் ஸ்ட்ரீமர்கள் எடுத்த பிறகுதான் வெடித்தது. அதுவரை சர்வரை ஓட்ட முடிந்ததால்தான் அது நடந்தது. ஆகவே மாதச் செலவை முன்கூட்டியே கணக்கிட்டு, வருமானமே இல்லாமல் ஒரு வருடம் ஓட்டும் பணத்தை விளம்பரத்தில் கை வைக்காமல் தனியாக எடுத்து வையுங்கள். காசு இருந்தாலும் எல்லா கேமும் நிற்காது, யூபிசாஃப்டின் இலவச கேமான ஹைப்பர் ஸ்கேப் 2020-ல் வந்து 2022 ஏப்ரலில் மூடப்பட்டது. மூட வேண்டி வந்தால் முதலில் கடையை மூடுங்கள், கடைசித் தேதியைச் சில மாதங்கள் முன்பே சொல்லுங்கள், மிச்சமிருக்கும் நாட்களுக்கு எல்லா ஸ்கின்னையும் இலவசமாகத் திறந்துவிடுங்கள்.